காதர் அண்ணன் ஓட்டிப்போன பஸ்

பஸ் கம்பெனி செக்கர் சுந்தரம் சைக்கிளைச் சுவரில் சாய்க்கக்கூட இல்லை. வாசலில் அப்படியே கீழே போட்டுவிட்டு காம்பவுண்டுக்குள் ஓடிவந்தார்.

நானும் பக்கத்து வீட்டு மெகருன்னிசாவும் அடிபம்பில் நின்றிருந்தோம். அவள் அடித்தாள், நான் குடத்தைப் பிடித்திருந்தேன். ஐப்பசி மழை விடிய விடியப் பெய்து அப்போதுதான் ஓய்ந்திருந்தது. மதுரை செல்லூரில் தறிகள் நிற்காத காலம் அது. சந்து முழுக்க தடக்தடக்கென்று சத்தம். அவர் சொன்னது முதலில் என் காதில் சரியாக விழவில்லை.

"தங்கச்சி, மனசத் திடப்படுத்திக்கங்க. திருவாதவூர் போன வண்டி கண்மாய்க்குள்ள எறங்கிருச்சு. கரை சரிஞ்சிருச்சு. ஆளுக எல்லாம் ஜன்னல் வழியா வெளிய வந்துட்டாக. டிரைவர் மட்டும்... முத்தையா அண்ணன் போயிட்டாரும்மா."

முத்தையா என் வீட்டுக்காரர்.

"யாரு வந்திருக்கா?" என்று வீட்டுக்குள்ளிருந்து குரல் வந்தது. போர்வையைப் போர்த்திக்கொண்டு, காய்ச்சலில் கண் சிவந்துபோய், என் வீட்டுக்காரர் நிலைப்படியில் வந்து நின்றார்.

செக்கர் ஓரடி பின்னால் போய், குடத்தில் இடித்துக்கொண்டார். நான் அவரைப் பார்த்தேன், இவரைப் பார்த்தேன். சிரிப்பு வந்துவிட்டது. அடிவயிற்றிலிருந்து கிளம்பி வந்த சிரிப்பு, அடக்க முடியவில்லை. மெகருவும் பம்பின் கைப்பிடியை விட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள்.

"என்னண்ணே இது! உசுரோட இருக்குறவுகளப் போயி..." என்றாள்.

இவர் சிரிக்கவில்லை. மெகருவைப் பார்த்தபடி நின்றார். இவர் பார்ப்பதைப் பார்த்து நானும் அவளைப் பார்த்தேன். கை இன்னும் வாயின் மேல்தான் இருந்தது. கண் மட்டும் மாறிவிட்டிருந்தது.

"அண்ணே," என்றாள் செக்கரிடம், மெதுவாக. "இன்னைக்கு இவுக வண்டிய எங்க வீட்டுக்காரர்தானே எடுத்துட்டுப் போனாக?"

இத்தனை வாரம் தள்ளிப்போட்டது

போன வாரம் இந்தத் தொடரில் செல்லூருக்குக் குடிவந்த கதையை எழுதியிருந்தேன். படித்துவிட்டு என் மகள் மலர் போன் செய்தாள். "காதர் மாமாவ விட்டுட்டு அந்தக் காம்பவுண்ட பத்தி எப்படிம்மா எழுதுன?" என்று கேட்டாள். எப்படி எழுதுவதென்று தெரியாமல் தள்ளிப்போட்டதுதான் உண்மை. இந்த வாரமும் எழுத உட்கார்ந்துவிட்டுப் பலமுறை எழுந்து போனேன். சமையலறையில் ஒன்றுமே இல்லாத அடுப்பைத் துடைத்துவிட்டு வந்தேன்.

என் வீட்டுக்காரரும் காதர் அண்ணனும் ஒரே தனியார் பஸ் கம்பெனியில் டிரைவர்கள். ஒரே வருஷம் வேலைக்குச் சேர்ந்தவர்கள். இந்தக் காம்பவுண்டில் பக்கத்து வீடு காலியானபோது எங்களைக் கூட்டிவந்ததே காதர் அண்ணன்தான். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். எங்கள் வீட்டில் வெங்காயம் வதக்கினால் அந்தச் சுவருக்கு அப்பாலிருந்து, "தங்கச்சி, இன்னைக்கு என்ன கொழம்பு?" என்று கேட்பார். பதில் சொல்லும் முன்பே கிண்ணத்தோடு வஹிதா வந்து நிற்பாள். அவர் மகள். என் மலரைவிட ஒரு வயது பெரியவள்.

இவர் அதிகம் பேசமாட்டார். காதர் அண்ணன் இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேசுவார். "மாப்ள வாய வாடகைக்கு விட்டாச்சு, நாந்தான் குடியிருக்கேன்" என்பார். கம்பெனியில் இவருக்கு ஒரு தகராறு வந்தால் முதலாளியிடம் போய் நிற்பதும் அவர்தான்.

அன்று காதர் அண்ணனுக்கு லீவு. மனைவியையும் மகளையும் மாட்டுத்தாவணிப் பக்கம் இருந்த மாமியார் வீட்டுக்குக் கூட்டிப்போவதாகச் சொல்லியிருந்தார். இவருக்குக் காய்ச்சல் என்று கேள்விப்பட்டதும் காலையில் எங்கள் வீட்டுக்குள் வந்து நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். "அனலாக் கொதிக்குது. நீ படு மாப்ள. ஒரு டிரிப்புதானே, நான் போயிட்டு வாரேன்" என்றார். ஆபீசில் யாருக்கும் சொல்லவில்லை. நண்பர்களுக்குள் அதெல்லாம் சகஜம்.

மெகருதான் வாசலில் நின்று சண்டை போட்டாள். "லீவு நாள்லயும் பஸ்ஸா? அப்ப பஸ்ஸையே கட்டிக்கிட வேண்டியதுதானே?"

"மதியச் சாப்பாட்டுக்கு உங்க அம்மா வீட்ல இருப்போம், போதுமா?" என்று சொல்லிக்கொண்டே சட்டைப் பொத்தானைப் போட்டார். அந்தச் சத்தத்தில் படுக்கையில் இருந்த இவர், "வேண்டாம் காதரு, நானே போறேன்" என்று எழுந்து உட்கார்ந்தார். காதர் அண்ணன் இவர் தோளைப் பிடித்து அழுத்திப் படுக்கவைத்ததை நான் பார்த்தேன்.

நிற்காத கை

அதற்கப்புறம் நடந்ததெல்லாம் எனக்குத் துண்டு துண்டாகத்தான் நினைவிருக்கிறது. அடக்கம் செய்யக் காதர் அண்ணனின் ஜனாஸாவைத் தூக்கும்போது மழை மறுபடி பிடித்துக்கொண்டது. இவர் காய்ச்சலோடு நனைந்துகொண்டே கபர்ஸ்தான் வரை நடந்தார். யார் சொல்லியும் கேட்கவில்லை.

மெகரு இத்தாவில் உட்கார்ந்தாள். கணவனை இழந்தவர்கள் நாலு மாதத்துக்கும் மேலாக வீட்டைவிட்டு வெளியே வராமல், வெளி ஆண்கள் முன்னால் போகாமல் இருக்கும் காலம் அது. கடைக்குப் போவது, வஹிதாவைப் பள்ளிக்கூடத்தில் விடுவது, தண்ணீர் பிடித்து வைப்பது எல்லாவற்றையும் நான் எடுத்துக்கொண்டேன். நான் அப்போது பால்வாடி டீச்சர். வேலை முடிந்து வந்ததும் நேராக அவள் வீட்டுக்குள்தான் நுழைவேன்.

அவள் பக்கத்தில் உட்கார்ந்து அழுவேன். நிஜமாகவே அழுவேன். அப்போது சுவருக்கு அந்தப் பக்கம் இவர் இருமும் சத்தம் கேட்கும். உடனே என் வயிற்றுக்குள் ஏதோ இளகிக் கதகதப்பாகும். 'இருக்கிறார், என் ஆள் இருக்கிறார்.' அடுத்த நொடி எனக்கே என்மேல் அருவருப்பு வரும். எழுந்து அவள் வீட்டுப் பாத்திரத்தை எடுத்துத் தேய்க்க ஆரம்பிப்பேன். ஏற்கெனவே தேய்த்து வைத்த பாத்திரமாக இருக்கும்.

வீட்டுக்கு வந்தால் இது தலைகீழ். இவர் தட்டின் முன் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து மனசு நிறையும். உடனே காதர் அண்ணன் முகத்தை வலுக்கட்டாயமாக வரவழைத்து அந்த நிறைவை விரட்டுவேன். துக்கம் வந்தால், 'நடிக்காதே, உன் புருஷன் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்' என்று அதையும் விரட்டுவேன். பொழுது முழுக்க இதே வேலை.

கை நிற்காமல் போனது. பால்வாடியில் பிள்ளைகளுக்குப் பின்னிய சடையை அவிழ்த்து மறுபடி பின்னுவேன். நெஞ்சு படபடவென்று அடிக்கும். சந்தில் தறி ஓடுகிறதா என் நெஞ்சு ஓடுகிறதா என்று தெரியாது.

பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு, "ஒண்ணும் இல்லம்மா, நல்லா தூங்குங்க" என்றார். வெளியே ஊசி போட நின்ற நர்ஸ் ராஜாமணி, "ஒண்ணும் இல்லாமயா இப்படிக் கை நடுங்குது?" என்று கேட்டாள். "ஞாயித்துக்கிழமை வில்லாபுரத்துல எங்க வீட்டு மாடிக்கு வாங்க. சும்மா உக்காரப் பழகுறோம். அம்புட்டுதான்."

சும்மா உட்காருவது

தியானம் என்றால் சாமியார், ஊதுபத்தி, வெள்ளை வேட்டி என்று நினைத்துக்கொண்டு போனேன். அங்கே கொடியில் துணி காய்ந்தது. மூலையில் ராஜாமணியின் கோழிகள். அவளுக்கும் என் வயதுதான் இருக்கும். வார்டில் பார்த்த சாவுகளைத் தாங்க முடியாமல் யாரிடமோ கற்றுக்கொண்டு வந்தவள். மாடியில் தையல்காரப் பெண்கள், ஒரு பாங்க் கிளார்க், அவருடைய தங்கை என்று சிலர் கோரைப்பாயில் உட்கார்ந்திருந்தார்கள்.

"மூச்சு உள்ள போறதையும் வெளிய வாரதையும் பாருங்க. மனசுல எது வந்தாலும் தள்ளாதீங்க. கூப்பிடவும் செய்யாதீங்க" என்றாள். சொல்லிவிட்டுக் கண்ணை மூடியவள், "ச்சூ!" என்று கோழியை விரட்டினாள்.

எனக்கு ஒரு மூச்சுகூட முழுசாகப் பார்க்க முடியவில்லை. முட்டி வலித்தது. பக்கத்தில் கிளார்க்கின் தங்கை குறட்டை விட்டாள். வஹிதாவுக்கு மதியம் என்ன கொடுப்பது என்ற யோசனை வந்தது. பாதியில் எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாப் வரைக்கும் வந்துவிட்டேன். அங்கே நிற்கவும் முடியவில்லை. திரும்பி மாடியேறினேன். யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

பல வாரம் இப்படியே போனது. ஒரு ஞாயிறு எல்லாரும் போனபிறகு ராஜாமணியிடம் கோபமாகவே சொன்னேன். "இது எனக்கு ஆகாது. உக்காந்தாத்தான் இன்னும் மோசமா இருக்கு. சந்தோஷமும் துக்கமும் ஒண்ண ஒண்ணு அடிச்சுக்கிருதுக. எது நெசம்னே தெரியல."

அவள் காய்ந்த துணியை மடித்துக்கொண்டிருந்தாள். "சந்தோஷம் எங்க இருக்கு?" என்று கேட்டாள்.

"எங்கன்னா?"

"ஒடம்புல எங்க?"

நான் யோசித்தேன். "வயித்துல. கதகதன்னு."

"துக்கம்?"

"தொண்டையில. கல்லு மாதிரி."

"வேற வேற எடத்துலதானே இருக்கு? அப்புறம் எங்க அடிச்சுக்கிருது?"

அவளுக்கே அதற்குமேல் சொல்லத் தெரியவில்லை என்று நினைக்கிறேன். "நானும் இப்படித்தான் உக்காந்திருக்கேன். சில நா முடியுது, சில நா முடியல. இந்தப் போர்வைய ஒரு பக்கம் பிடிங்க" என்றாள்.

தொண்டையும் வயிறும்

அதற்கடுத்த வாரம் மாடியில் உட்கார்ந்தபோது காதர் அண்ணன் சட்டைப் பொத்தானைப் போட்டதும் இவர் தோளை அழுத்தியதும் ஞாபகம் வந்தன. தொண்டை அடைத்தது. எழுந்து ஓடவேண்டும் போல் கால் துடித்தது. கால் துடிப்பதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். கல் அப்படியே இருந்தது. நான் அதை விழுங்கவும் இல்லை, துப்பவும் இல்லை.

அதே நேரம் வயிற்றில் அந்தக் கதகதப்பு வந்தது. காலையில் இவர் ரசத்தை ஊற்றிச் சாப்பிட்ட சத்தம். வழக்கமாக அந்த இடத்தில் என்னை நானே திட்டத் தொடங்குவேன். அன்று திட்டு வந்தது, ஆனால் அதன் பின்னால் நான் போகவில்லை. மூச்சைப் பார்த்தேன். அது தொண்டை வழியாகத்தான் போனது, வயிறு வரைக்கும் போனது. இரண்டையும் தொட்டுவிட்டுத் திரும்பியது.

கண்ணீர் வழிந்தது. அழுகிறேனா, சந்தோஷப்படுகிறேனா என்று கேட்டால் இரண்டும் என்றுதான் சொல்வேன். இரண்டில் எதுவும் பொய்யில்லை என்று முதன்முதலாகத் தெரிந்தது. கொஞ்ச நேரம்தான். அப்புறம் கோழி கத்தியது, நான் மறுபடி கடைச் சாமான் பற்றி யோசிக்கப் போய்விட்டேன்.

ஏதோ சித்தி அடைந்துவிட்டேன் என்று யாரும் எண்ண வேண்டாம். படபடப்பு முழுசாகப் போகவில்லை. பாத்திரம் தேய்ப்பது மட்டும் கொஞ்சம் குறைந்தது.

வேறு வீடு

இதற்கிடையில் இவர் பஸ் ஓட்டுவதை விட்டிருந்தார். கம்பெனி ஷெட்டில் மெக்கானிக்குகளுக்குச் சாமான் எடுத்துக்கொடுக்கும் வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டார். ஸ்டீயரிங்கைத் தொடுவதில்லை. காலையில் மெகரு வீட்டு வாசலைக் கடக்கும்போது தலையைக் குனிந்துகொண்டு ஏறக்குறைய ஓடுவார். அவள் கதவு சாத்தித்தான் இருக்கும்.

"நீங்களும் ஒரு நாள் ராஜாமணி மாடிக்கு வாங்களேன்" என்று கூப்பிட்டுப் பார்த்தேன்.

"கண்ண மூடுனா எனக்குத் தண்ணிதான் தெரியுது" என்றார். அதற்கப்புறம் நான் கூப்பிடவில்லை.

ஒரு நாள் சாப்பிடும்போது, "வில்லாபுரத்துல வீடு பாத்துட்டேன். அவ வெளிய வாரதுக்குள்ள போயிருவோம்" என்றார்.

"அவளத் தனியா விட்டுட்டா?"

"அவ மொகத்துல நான் எப்படி முழிப்பேன்?" என்றார். காய்ச்சல் அடித்த அன்று எழுந்து உட்கார்ந்தவர், ஏன் இன்னும் கொஞ்சம் பிடிவாதமாக எழவில்லை என்றுதான் அவர் அத்தனை மாதமும் கேட்டுக்கொண்டிருந்தார் என்று எனக்குத் தெரியும்.

போகக்கூடாது என்று நான் சண்டை போட்டேன். ஆனால் அவர் உடம்பு இளைத்ததைப் பார்க்கப் பார்க்க, போய்விட்டால்தான் பிழைப்பாரோ என்றும் தோன்றியது. கடைசியில் சாமான்களைக் கட்டத் தொடங்கினேன்.

கதவு திறந்த நாள்

நாங்கள் கணக்குப் போட்டதற்கு முன்பே இத்தா முடிந்துவிட்டது. கட்டிலைக் கழற்றி வெளியே எடுத்து வைத்துக்கொண்டிருந்தோம். மெகருவின் கதவு திறந்தது. வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, பாதியாக இளைத்துப்போய், வாசலில் நின்றாள்.

"அண்ணே," என்றாள். இவர் கட்டில் காலைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றார். "என்னையப் பாக்க முடியாமத்தானே போறீக?"

இவர் பொய் சொல்லத் தெரியாதவர். "ஆமா, மெகரு."

"அக்கா," என்று என் பக்கம் திரும்பினாள். "நீங்க சொல்லுங்க. அண்ணன் உசுரோட இருக்குறது ஒங்களுக்குச் சந்தோஷந்தானே?"

தறிச் சத்தத்தை மீறி என் நெஞ்சு அடித்தது. இல்லை என்று தலையாட்டிவிடலாம், அழுதுவிடலாம், உள்ளே போய் எதையாவது கழுவலாம். கால் அதற்குத்தான் கிளம்பியது. ஒரு மூச்சு பார்த்தேன்.

"ஆமா மெகரு. சந்தோஷந்தான். தினமும் சந்தோஷம். காதர் அண்ணன் இல்லாதது தாங்கவும் முடியல. ரெண்டுமே நெசம்."

அவள் அப்படியே வாசல் படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"இம்புட்டு நாளும் இத நீங்க ஒரு வார்த்தை சொல்லலியேக்கா. சந்தோஷமே இல்லாத மாதிரி மூஞ்சிய வச்சுக்கிட்டு வந்து உக்காருவீக. எனக்கு அதுதான் கோவம். எனக்குத் தெரியாதா? நானா இருந்தா எனக்கும் அப்படித்தானே இருக்கும்?"

பிறகு இவரைப் பார்த்துச் சொன்னாள். "சொவத்துக்கு அந்தப் பக்கம் நீங்க இருமுவீக. அல்லா, ஒரு உசுராவது பொழச்சுச்சேன்னு இருக்கும். நீங்க நல்லா இருக்கணும்னு துஆ கேப்பேன். கேட்டு முடிக்கிறதுக்குள்ள, இந்தச் சத்தம் ஏன் என் வீட்டுல கேக்கலன்னு வயிறு எரியும். நீங்களே போயிருக்கக் கூடாதான்னு கூட நெனச்சிருக்கேன். ஒரே நாள்ல, ஒரே பாயில உக்காந்து, ரெண்டையும் நெனச்சிருக்கேன். பைத்தியம் பிடிச்சிருச்சோன்னு பயமா இருந்துச்சு."

"பைத்தியம் இல்ல மெகரு," என்றேன்.

"அண்ணே, நீங்க போயிட்டா நான் யாருகிட்ட கோவப்படுவேன்? அவுகளப் பத்தி யாருகிட்டப் பேசுவேன்? அவுகள என்னையவிட நல்லாத் தெரிஞ்சது நீங்கதானே."

இவர் கட்டில் காலைக் கீழே வைத்தார். அப்போதுதான் அழுதார். சாவு அன்றுகூட அழாதவர். வஹிதாவும் மலரும் ஓரமாக நின்று பயந்துபோய்ப் பார்த்தார்கள்.

கட்டில் மறுபடி வீட்டுக்குள் போனது.

திருவாதவூர் வண்டி

சில வாரம் கழித்து மெகரு இவரிடம் கேட்டாள். "அந்த எடத்த நான் இன்னும் பாக்கலண்ணே. ஒங்க வண்டியில கூட்டிட்டுப் போங்க."

"நான் ஓட்டுறதில்ல."

"அது தெரிஞ்சுதான் கேக்குறேன்."

இவர் சம்மதிக்கப் பல நாள் ஆனது. முதலில் ஷெட்டுக்குள்ளேயே பஸ்ஸை முன்னும் பின்னும் நகர்த்தினார். பிறகு பழையபடி டூட்டி கேட்டார். அந்த ரூட்டில் முதல் டிரிப் போன காலையில், நானும் மெகருவும் டிரைவர் சீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்தோம். பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டோம்.

ஊரைத் தாண்டி வயல்காடு வந்ததும் மெகரு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வெயில் நாள். கண்மாய் பாதி வற்றிக் கிடந்தது. சரிந்த கரையில் புது மண் கொட்டி மேடாக்கியிருந்தார்கள். யாரும் சொல்லாமலே இதுதான் இடம் என்று எங்களுக்குத் தெரிந்தது, ஏனென்றால் பஸ் நின்றுவிட்டது.

இவர் கை ஸ்டீயரிங்கில் இருந்தது. தோள் நடுங்குவது பின்னாலிருந்து தெரிந்தது. கண்டக்டர் ஒன்றும் புரியாமல் விசிலைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தார். பின் சீட்டில் யாரோ, "என்னப்பா, பிரேக் டவுனா?" என்றார்கள்.

எனக்குத் தொண்டையில் கல். வயிற்றில், எதிரில் இருக்கிற அந்த நடுங்கும் முதுகின்மேல் அத்தனை பிரியம். பக்கத்தில் மெகரு ஜன்னல் கம்பியைப் பிடித்துத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் உதடு அசைந்தது. ஓதினாள் போல. முடித்து முகத்தைத் துடைத்தாள்.

"போங்கண்ணே," என்றாள். "நான் ஏறி உக்காந்திருக்கேன்ல? போங்க."

கியர் விழும் சத்தம் கேட்டது. பஸ் மெல்ல ஊர்ந்து கரையைக் கடந்தது.

திருவாதவூரில் இறங்கியதும் மெகரு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். இவர் என்ன செய்வதென்று தெரியாமல் பஸ்ஸைச் சுற்றிச் சுற்றி வந்து டயரைத் தட்டிப் பார்த்தார். அழுகை நின்றபின் அவள் சொன்னாள். "அக்கா, பசிக்குது."

டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தோம். இலையில் இட்லி வந்தது. மெகரு சாப்பிடச் சாப்பிட மறுபடி கண்ணீர் வந்தது. துடைக்காமலே சாப்பிட்டாள். அத்தனை மாதத்தில் அவள் அப்படிச் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. இலை காலியானதும் தலையை நிமிர்த்தி எதிரில் நின்ற இவரைப் பார்த்தாள்.

"அண்ணே, எனக்கு இன்னும் வாங்கிட்டு வாங்க."

இவர் வேகமாகப் போய் வாங்கி வந்தார். சட்னி வாங்க மறந்துவிட்டார். அதற்காக மறுபடியும் போனார்.